ஆள் இருந்தால் நிற்கும் சுவர்

மொராக்கோவின் தெற்கே, உயர் அட்லஸ் மலைகள் இறங்கிப் பாலைவனத்தைத் தொடும் இடத்தில், உனிலா பள்ளத்தாக்கின் ஓரமாக ஒரு குன்றின் சரிவில் படிப்படியாக ஏறி நிற்கிறது ஐத் பென்ஹத்து. வர்ஸாஸாத் நகரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். சுற்றுமதில், மூலைகளில் கோபுரம் எழுப்பிய உயரமான வீடுகள், அவற்றுக்கிடையே குறுகலான சந்துகள், ஒரு பள்ளிவாசல், வணிகக் கூட்டங்கள் தங்கிச் சென்ற சத்திரம், முஸ்லிம்களுக்கும் யூதர்களுக்கும் தனித்தனி இடுகாடுகள், உச்சியில் ஊர்ப்பொதுத் தானியக் களஞ்சியம் என அமாசிக் மக்கள் கட்டிய இந்த அரண்சூழ் ஊர் முழுக்க முழுக்க மண்ணால் ஆனது. 1987-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' முதல் 'கிளாடியேட்டர்', 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' வரை எத்தனையோ படங்களிலும் தொடர்களிலும் இந்த ஊர் வந்திருப்பதால், பெயர் தெரியாதவர்களும் இதன் முகத்தைப் பார்த்திருப்பார்கள். ஆனால் இன்று மதிலுக்குள் குடியிருப்பவை சில குடும்பங்கள் மட்டுமே. மற்றவர்கள் ஆற்றின் மறுகரையில் எழுந்த புதிய ஊருக்குப் போய்விட்டார்கள்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் எளிமையானது. மண் வலுவில்லாத பொருள், மழை கரைக்கும், காற்று அரிக்கும், வசதி வந்ததும் மக்கள் சிமென்ட் வீட்டுக்கு மாறிவிடுவார்கள், எஞ்சியதை நிபுணர்கள்தான் காப்பாற்றித் தர வேண்டும் என்பார்கள். இந்த விளக்கத்தில் காரணமும் விளைவும் இடம் மாறிக் கிடக்கின்றன என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். வீடுகள் இடிந்ததால் மக்கள் போகவில்லை. மக்கள் போனதால் வீடுகள் இடிந்தன. இது சரியென்றால், ஒரு மண் ஊரைக் காப்பதற்கான முதல் செலவு அதில் மனிதர்கள் குடியிருப்பதற்கான செலவாக இருக்க வேண்டும். குடிநீர், கழிப்பறை, மின்சாரம், பிள்ளைகள் பள்ளிக்குப் போய்வர ஒரு வழி ஆகியவற்றைப் பாரம்பரியத்துக்குப் புறம்பானவை என்று தள்ளிவைக்கும் பாதுகாப்பு, பாதுகாப்பே அல்ல.

மண் சுவர் எப்படிச் சாகிறது என்பதைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். இந்த வீடுகளின் கீழ்ச்சுவர்கள் செங்கல் அடுக்கிக் கட்டியவை அல்ல. இரண்டு பலகைகளை எதிரெதிரே நிறுத்தி, இடையில் ஈர மண்ணைக் கொட்டி, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கி, ஒரு அடுக்கு உறுதியானதும் பலகைகளை மேலே ஏற்றி அடுத்த அடுக்கைப் போட்டிருக்கிறார்கள். பலகைகளைத் தாங்கிய குறுக்குக் கழிகளை உருவியெடுத்த துளைகள் சுவர்களில் வரிசை வரிசையாக இன்றும் தெரியும். மேல்தளங்களிலும் கோபுரங்களிலும் பாரம் குறைய வேண்டும் என்பதால் அங்கே வைக்கோல் கலந்து வெயிலில் உலர்த்திய பச்சைச் செங்கல். அதை உள்ளும் வெளியுமாகத் தள்ளி அடுக்கியே அந்தப் புகழ்பெற்ற கோலங்களை வரைந்திருக்கிறார்கள். கூரைக்கு மர உத்திரங்கள், அவற்றின்மேல் நாணல் பரப்பு, அதன்மேல் அடித்து இறுக்கிய மண். மொட்டைமாடி லேசான சரிவோடு இருக்கும். விழுகிற நீர் சுவரைத் தொடாமல், வெளியே நீட்டிய தூம்பு வழியாகத் தள்ளிப் போய் விழும். இந்தப் பக்கத்தில் மழை அபூர்வம், ஆனால் பெய்தால் கொட்டித் தீர்க்கும். அப்படி ஒரு மழைக்குப் பிறகு தூம்பின் வாயருகே விரல் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு விழுகிறது என்று வையுங்கள். வீட்டில் ஆள் இருந்தால் இரவே கூரை ஒழுகுவது தெரியும். காலையில் ஒரு கூடை மண்ணைக் குழைத்து அடைத்துவிடுவார்கள், கதை அதோடு முடியும். ஆள் இல்லையென்றால் அடுத்த மழை அந்தப் பிளவு வழியாகச் சுவரின் தலைக்குள் இறங்கும். உத்திரத்தின் முனை ஊறி மட்கும். சில ஆண்டுகளில் கூரையின் அந்த மூலை உள்ளே விழும். கூரை போனதும் சுவரின் மேல்விளிம்பு திறந்து கிடக்கும், ஒவ்வொரு மழையும் அதை மேலிருந்து கீழாக வாரிக்கொண்டு போகும். ஒட்டிக் கட்டிய வீடுகள் என்பதால், இதுவரை உட்சுவராக இருந்த பக்கத்து வீட்டுச் சுவர் இப்போது வெளிச்சுவராகி நனையத் தொடங்கும். ஒரு வீடு காலியானால் அடுத்த வீட்டுக்காரரின் வேலை இரட்டிப்பாகும், அவரும் போவதற்கு அது ஒரு காரணமாகும். குடியில்லா வீட்டில் குண்டுப் பெருச்சாளி உலாவும் என்று நம் ஊரில் சொல்வது வெறும் பேச்சல்ல, கட்டடப் பொறியியலும்கூட.

ஐத் பென்ஹத்துவின் வயது குறித்த ஒரு செய்தியும் இதையே சொல்கிறது. இந்த ஊரின் தொன்மை பற்றி நிறையப் பேசப்பட்டாலும், இன்று நிற்கும் கட்டடங்களில் எதுவும் 17-ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டதாகத் தெரியவில்லை. பழமை என்பது கட்டும் முறைக்கு உரியது, அது தெற்கு மொராக்கோவில் மிகத் தொன்மையான காலம் முதல் இருந்து வருகிறது. சுவர்களோ தலைமுறைதோறும் பூசப்பட்டு, இடித்துத் திருப்பிக் கட்டப்பட்டு வந்தவை. கல் கோயிலைப் போல ஒருமுறை கட்டி முடித்துவிட்டு நூற்றாண்டுகள் விட்டுவைக்கக்கூடிய பொருளல்ல இது. இங்கே கட்டுமானமும் பராமரிப்பும் ஒரே வேலை.

வருடாந்தர வேலையிலிருந்து விடுதலை தரச் சிமென்ட் இருக்கிறதே என்று கேட்கலாம். அதற்கான பதில் வேறொரு கண்டத்தில், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் கிடைக்கிறது. அங்கே ரான்சோஸ் த தாவோஸ் ஊரில் இருக்கும் புனித பிரான்சிஸ் தேவாலயம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பச்சைச் செங்கல்லால் கட்டி முடிக்கப்பட்டது. ஊரார் கூடி மண் பூசி அதைப் பேணி வந்தார்கள். 1967-ல், இனி அந்தச் சிரமம் வேண்டாம் என்று சிமென்ட் பூச்சு போட்டார்கள். வெளியே சுவர் பளிச்சென்று இருந்தது. உள்ளே நிலைமை வேறு. மண் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் வந்ததும் விட்டுவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட்டதால், வெடிப்புகளில் புகுந்த நீர் வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கிச் செங்கல்லைச் சேறாக்கியது. 1979-ல் சிமென்ட்டைப் பெயர்த்து எடுத்துவிட்டு மீண்டும் மண்ணுக்கே திரும்பினார்கள். இன்றும் ஆண்டுதோறும் ஊரார் கூடிப் பூசுகிறார்கள். பன்னிரண்டே ஆண்டுகளில் ஊருக்குத் தெரிந்துபோன உண்மை இது: சுவரைத் தாங்கியது பூச்சு அல்ல, திரும்பத் திரும்பப் பூசியவர்கள். அதனால் ஐத் பென்ஹத்துவில் கான்கிரீட்டுக்குத் தடை இருப்பது சரியே. ஆனால் எதைச் செய்யக்கூடாது என்று சொல்வதோடு கடமை முடிந்துவிட்டதாக நினைத்தால், கான்கிரீட் இல்லாத இடிபாடுதான் மிஞ்சும்.

மக்கள் ஏன் போனார்கள்? மண் மேல் கொண்ட வெறுப்பால் அல்ல. சகாராவிலிருந்து மராகேஷ் போகும் வணிகப் பாதை உனிலா பள்ளத்தாக்கு வழியாகத்தான் சென்றது, ஊர் அங்கே முளைத்ததற்கும் செழித்ததற்கும் அதுவே காரணம். அதன் வடக்கே மலைமேல் தெலுவத்தில் இருந்தபடி க்லாவி குடும்பத்தினர் அந்தப் பாதையை ஆண்டார்கள். 1930-களில் பிரெஞ்சு ஆட்சி திஷ்கா கணவாய் வழியாகப் புதிய சாலையைப் போட்டபோது போக்குவரத்து பள்ளத்தாக்கை விட்டு விலகியது. அரண் தேவைப்பட்ட காலமும் அதோடு போயிற்று. நாடு சுதந்திரம் அடைந்த பிறகு பள்ளி, மின்சாரம், கடை, வண்டி நிற்கும் சாலை எல்லாம் மறுகரையில் வந்தன. ஆற்றில் வெள்ளம் வந்தால் இக்கரையில் இருப்பவர்கள் அகப்பட்டுக்கொள்வார்கள். அந்த ஆற்று நீர் உப்புக் கரிக்கும், குடிக்க ஆகாது. நடைபாலம் ஒன்று 2010-களின் தொடக்கத்தில் வந்துசேர்ந்தது, அதற்குள் பெரும்பாலான குடும்பங்கள் மறுகரையில் வேர்விட்டு ஒரு தலைமுறை ஆகியிருந்தது. யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்ததற்கும் பாலம் போட்டதற்கும் இடைப்பட்ட அந்த 20 ஆண்டுகளுக்கும் மேலான காலத்தை எண்ணிப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. பல குடும்பங்களைத் தக்கவைத்திருக்கக்கூடிய காலம் அது.

இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. மண் ஊருக்குள் குழாய் போட்டால் அந்தத் தண்ணீரே ஊரைக் கொல்லும் என்கிறார்கள். இது கற்பனை அல்ல. ஏமனின் ஹத்ரமவுத் பள்ளத்தாக்கில் உள்ள ஷிபாம் நகரில் பச்சைச் செங்கல்லால் ஏழெட்டு மாடி உயரத்துக்கு எழுந்த வீடுகள் சுமார் 500 நெருக்கமாக நிற்கின்றன. அங்கே கழிவுநீர் போக வழி செய்யாமல் குழாய்த் தண்ணீர் மட்டும் வந்தபோது அடிச்சுவர்கள் ஊறின. ஆனால் அதிலிருந்து பெற வேண்டிய பாடம் வடிகால் வேண்டும் என்பதே தவிர, குழாய் வேண்டாம் என்பதல்ல. ஷிபாம் கற்றதும் அதைத்தான். ஜெர்மனியின் உதவியோடு 2000-க்குப் பிறகு நடந்த சீரமைப்புத் திட்டத்தில், கட்டடங்களை அரசு கையகப்படுத்தவில்லை. வீட்டுக்காரர் தன் வீட்டைப் பழுதுபார்த்தால் செலவில் ஒரு பங்கைத் திட்டம் கொடுத்தது. வேலையை உள்ளூர் மண் கொத்தனார்களே செய்தார்கள். 2007-ல் ஆகா கான் கட்டடக்கலை விருது அந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. 2008 அக்டோபர் பெருவெள்ளமும் அதன்பின் வந்த போரும் அந்த நகரைக் கடுமையாகத் தாக்கியிருக்கின்றன, 2015-ல் அது யுனெஸ்கோவின் ஆபத்துப் பட்டியலிலும் சேர்ந்தது. அப்படியும் ஷிபாம் குடியிருக்கும் நகரமாகவே தொடர்கிறது. ஐத் பென்ஹத்துவை விடப் பல மடங்கு பெரிய துன்பத்தைக் கண்ட ஊர் அது என்பதை மறந்துவிடக் கூடாது.

நியூ மெக்சிகோவின் தாவோஸ் பூர்வகுடி ஊரைக் காட்டி இன்னொரு எதிர்வாதம் வரும். சுமார் ஆயிரம் ஆண்டுத் தொடர்ச்சி கொண்ட அந்தப் பச்சைச் செங்கல் அடுக்கு வீடுகளில், மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாமல் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள், ஊர் நிற்கிறதே என்பார்கள். நிற்கிறது. ஆனால் அங்கே வசதி வேண்டாம் என்று முடிவெடுத்தது அந்த மக்களே. தங்கள் சமயச் சடங்குகளை ஒட்டி, தங்கள் சொந்த ஆட்சியமைப்பில் எடுத்த முடிவு அது. அந்தச் சமூகத்தின் பெரும்பகுதி அருகிலேயே தங்கள் நிலத்தில் நவீன வீடுகளில் வசித்துக்கொண்டு, விழாவுக்கும் பூச்சு வேலைக்கும் பழைய வீட்டுக்கு வருகிறது. வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்து அதே தடையைப் போட்டிருந்தால் விளைவு வேறாக இருந்திருக்கும். லிபியாவின் காதமிஸும் இதற்கு அருகில் வருகிறது. 1980-களில் அரசு கட்டித்தந்த புதிய வீடுகளுக்கு மக்கள் குடிபோனார்கள், ஆனால் பழைய வீடுகளைக் கைவிடவில்லை. கூரை மூடிய சந்துகளும் தடித்த மண் சுவர்களும் கோடையில் தரும் குளிர்ச்சிக்காக அங்கே திரும்பி வருவார்கள், திருமணமும் பண்டிகையும் அங்கேதான். 2016-ல் ஆபத்துப் பட்டியலில் சேர்க்கப்பட்ட அந்த ஊர் 2025-ல் அதிலிருந்து நீக்கப்பட்டது. ஆக, ஆண்டு முழுவதும் எல்லோரும் உள்ளே இருந்தாக வேண்டும் என்றுகூட இல்லை. இது என் வீடு, ஒழுகினால் நான் பார்க்க வேண்டும் என்று எண்ணும் ஓர் ஆள் ஒவ்வொரு கூரைக்கும் இருந்தால் போதும்.

அந்த ஆளைச் சுற்றுலா தராதா? ஓரளவு தருகிறது, அதை மறுக்கவில்லை. ஐத் பென்ஹத்துவின் கீழ்ச் சந்துகளில் கம்பளமும் ஓவியமும் விற்கும் கடைகள் இருப்பதால்தான் அந்த அறைகளாவது நன்றாக இருக்கின்றன. ஆனால் கடை மாலையில் பூட்டப்படும், ராத்திரியில் பெய்கிற மழை ஒழுகுவதைக் கேட்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். பார்வையாளரின் கண் படும் முகப்புக்குத்தான் சுற்றுலா பணம் தரும், பின்கட்டுக் கூரைக்குத் தராது. சினிமாவின் கணக்கு இன்னும் குறுகியது. 'தி ஜுவல் ஆஃப் தி நைல்' படத்துக்காகக் கட்டிய ஒரு வாசலை இன்றும் பலர் பழைய ஊரின் பகுதி என்றே நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். முகப்பு மட்டும் போதும் என்றால், அதை யாரும் எங்கும் கட்டிக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் விடக் கனமான எதிர்வாதம் நிலநடுக்கம். 2023 செப்டம்பர் 8 இரவு அல் ஹவுஸ் பகுதியில் 6.8 அளவில் பூமி அதிர்ந்தபோது 2,900-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலைக் கிராமங்களில் இடிந்தவற்றில் பெரும்பாலானவை மண்ணும் கல்லும் கொண்ட வீடுகள். ஐத் பென்ஹத்துவிலும் விரிசல்களும் சரிவுகளும் ஏற்பட்டன. ஈரானின் பாம் நகரில் 2003 டிசம்பர் 26-ல் 6.6 அளவு நிலநடுக்கம் 26,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. மண் வீடு இடியும்போது தூளாகி விழும், சிக்கியவர் மூச்சுவிட இடைவெளியே விடாது. இப்படிப்பட்ட கூரையின்கீழ் பிள்ளைகளைத் தூங்க வைக்கச் சொல்கிறீர்களா என்று ஒரு தாய் கேட்டால், மண்ணின் பெருமையைப் பேசிப் பதில் சொல்ல முடியாது. பலப்படுத்தாத மண் வீட்டில் குடியிருக்கச் சொல்லும் உரிமை எந்தப் பாரம்பரிய ஆர்வலருக்கும் இல்லை.

ஆனால் பாம் தரும் சான்றை முழுமையாகப் படிக்க வேண்டும். இறந்தவர்கள் பழைய கோட்டைக்குள் வாழ்ந்தவர்கள் அல்ல, கோட்டை எப்போதோ காலியாகிவிட்டது. அவர்கள் நகரத்து வீடுகளில் இருந்தவர்கள். மண் வீடுகளோடு, இரும்பு உத்திரங்களுக்கிடையே செங்கல் வளைவு போட்டுக் கனமான கூரை அமைத்த புதிய வீடுகளும் ஏராளமாக விழுந்தன. கோட்டையை ஆராய்ந்த ராண்டால்ஃப் லாங்கன்பாக் என்ற கட்டடப் பாதுகாப்பு வல்லுநர் கவனித்தது இன்னும் கூர்மையானது. அண்மையில் புதுப்பிக்கப்பட்ட பகுதிகள் மோசமாகச் சரிந்திருந்தன, தொடப்படாத சில பழைய சுவர்கள் நின்றிருந்தன. புதுப்பித்தல் என்ற பெயரில் முகத்தை அழகாக்குவது வேறு, சுவரோடு சுவரைக் கட்டுவது வேறு. பின்னதற்கு வழிகள் தெரியும். லிமாவில் உள்ள பெரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பச்சைச் செங்கல் வீடுகளை அதிர்வு மேடையில் ஏற்றிச் சோதித்து, சுவரின் இருபுறமும் வலை பதித்து மண் பூசினால் சுவர் பிளந்தாலும் சரிந்து விழாமல் தாங்கும் என்று காட்டியிருக்கிறார்கள். பெருவில் பச்சைச் செங்கல்லுக்கென்றே தனிக் கட்டட விதி இருக்கிறது. மொராக்கோவிலும் மண் கட்டடங்களுக்கு நிலநடுக்க விதிமுறை உண்டு. சுவரின் தலையைச் சுற்றி மரச்சட்டம் கட்டுவதும் கூரையின் பாரத்தைக் குறைப்பதும் எட்டாத வித்தைகள் அல்ல. இவற்றில் சில கண்ணுக்குத் தெரியும், பழைய தோற்றத்தைக் கொஞ்சம் மாற்றும். மாறட்டும். தோற்றத்துக்கும் உயிருக்கும் இடையே தேர்வு செய்ய நேர்ந்தால் விதிகள் உயிரின் பக்கம் நிற்க வேண்டும்.

போக விரும்புகிறவரைத் தடுத்து நிறுத்தலாமா என்ற கேள்விக்கு நேரான பதில்: கூடாது. எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபத்தி 1940-களில் லக்ஸர் அருகே மண்ணால் புதிய குர்னா என்ற அழகான ஊரைக் கட்டினார். குடியேற வேண்டியவர்களின் பிழைப்பு பழைய ஊரில், கல்லறைகளுக்கு நடுவே இருந்ததால் பெரும்பாலோர் வர மறுத்தார்கள். மண் மேல் எவ்வளவு காதல் இருந்தாலும் பிழைப்பு இல்லாத இடத்தில் யாரும் தங்க மாட்டார்கள். ஆனால் ஐத் பென்ஹத்துவிலிருந்து போனவர்கள் தொலைதூரம் போய்விடவில்லை. பழைய வீடுகள் இன்றும் அவர்களுக்கு உரியவை. போனவர்களைப் பிரிப்பது ஓர் ஆறு, அதன்மேல் இப்போது பாலமும் இருக்கிறது.

நிலநடுக்கத்துக்குப் பிறகு இந்த ஊரைச் சீர்செய்ய வரும் பணம் எதில் முதலில் விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குன்றின் உச்சியில் இருக்கும் களஞ்சியம் எல்லாப் புகைப்படங்களிலும் தெரியும், அதனால் அதன்மேல் முதலில் கை வைக்கத் தோன்றும். அதில் இன்று தானியம் இல்லை, அது காத்திருக்கலாம். கீழே, திரும்பிவர மனமுள்ள குடும்பங்களின் கூரைகளுக்கு முதல் பணம் போக வேண்டும். ஒரு பெரிய ஒப்பந்ததாரருக்கு ஒரே தடவையில் கொட்டிக் கொடுக்காமல், பூச்சுக்கும் தூம்புக்கும் என்று வீட்டுக்கு ஒரு சிறு தொகையை ஆண்டுதோறும் தர வேண்டும். சுவருக்குள் வலையும், சுவருக்கு வெளியே கழிவுநீர் போக மூடிய வாய்க்காலும் அதே செலவில் வர வேண்டும். உள்ளூர் மண் கொத்தனாரிடம் இரண்டு இளைஞர்கள் கூலியோடு வேலை பழக வேண்டும், ஏனென்றால் அடுத்த மழைக்குப் பிறகு தூம்பின் வாயில் விழும் பிளவை அடைக்கப்போவது அவர்கள்தான்.